மின்னஞ்சல் போகவில்லையா? கடிதம் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

பினாங்கு குவீன் ஸ்திரீட்டில், மகா மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஓர் அச்சுக்கடையில் வேலை செய்கிறேன். நகல் எடுப்பது, ஸ்கேன் செய்வது, கல்யாணப் பத்திரிகை அடிப்பது எங்கள் தொழில். வாடிக்கையாளர்கள் கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் கடைக்கு வருவார்கள். "தம்பி, அனுப்பிட்டேன், வந்துடுச்சா?" என்பார்கள். பல நேரம் வந்திருக்காது. கைப்பேசியை வாங்கிப் பார்த்தால் கடிதம் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

போன மாதம் ஓர் அக்கா வந்தார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு விண்ணப்பம். மாலை ஐந்து மணிக்குள் சான்றிதழ்கள் போய்ச் சேர வேண்டும். நான்கு மணிக்கு, "சுத்திக்கிட்டே இருக்கு தம்பி" என்று கைப்பேசியை நீட்டினார். அவுட்பாக்ஸில் ஒரே கடிதம் ஐந்து பிரதிகளாக நின்றது, ஒவ்வொன்றிலும் ஏழு படங்கள். முதல் கடிதம் போகாததால் பதற்றத்தில் மறுபடி மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறார். காரணம் கடைசியில் மிகச் சின்னதாக இருந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

"போகவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு கோளாறுகள் இருக்கின்றன. கடிதம் உங்கள் கைப்பேசியை விட்டே கிளம்பாமல் இருக்கலாம். கிளம்பியும், நீங்கள் கணக்கு வைத்திருக்கும் சேவையின் சர்வர், அதாவது கடிதங்களை வாங்கி அனுப்பும் அவர்களுடைய கணினி, அதை ஏற்க மறுத்திருக்கலாம். எதிர்முனை வரை போய்த் திரும்பி வந்திருக்கலாம். அல்லது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, அவருடைய ஸ்பேம் பெட்டியில் கிடக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் கடவுச்சொல்லை மாற்றுவதும், ஆப்பை அழித்து மறுபடி போடுவதும் வீண் வேலை. சில நேரம் இருந்த கடிதமும் அதோடு போய்விடும்.

முதல் இரண்டு நிமிடம்

மறுபடி அனுப்பாதீர்கள். எழுதியதை முழுதாக நகலெடுத்துக் கைப்பேசியின் குறிப்பேட்டிலோ, வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் உரையாடலிலோ ஒட்டி வையுங்கள். இனி என்ன செய்தாலும் கடிதம் பத்திரம்.

அப்புறம் மூன்று இடங்களைப் பாருங்கள். ஜிமெயில் ஆப்பில் இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டைத் தொட்டால் பட்டியல் வரும். அதில் அவுட்பாக்ஸ் இருக்கும். கைப்பேசியை மலாயில் வைத்திருப்பவர்களுக்கு பெத்தி கெலுவார் என்று இருக்கும். கடிதம் அங்கே இருந்தால் அது இன்னும் உங்கள் கையை விட்டுப் போகவே இல்லை. அடுத்தது சென்ட், மலாயில் டிஹந்தார். அங்கே இருந்தால் உங்கள் பக்கத்து வேலை முடிந்தது, சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டது. மூன்றாவது இன்பாக்ஸ். 'மெயில் டெலிவரி சப்சிஸ்டம்' அல்லது 'மெயிலர் டேமன்' என்ற பெயரில் ஆங்கிலக் கடிதம் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் உங்கள் கடிதம் திரும்பி வந்திருக்கிறது. பலர் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள், கோளாறின் பெயர் அதற்குள்தான் எழுதியிருக்கும்.

மூன்றிலும் இல்லை என்றால் டிராஃப்ட்ஸைப் பாருங்கள். அனுப்பாமலே ஆப்பை மூடியிருப்பீர்கள். ஷெட்யூல்டு என்ற பெட்டியையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது, விரல் தவறி நாளைக் காலைக்கு நேரம் குறித்துவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

அவுட்பாக்ஸிலேயே நின்றால்

முதல் சந்தேகம் இணையம்தான். "வாட்ஸ்அப் போகுதே தம்பி" என்று சொல்வார்கள். அது சாட்சி ஆகாது. பிரிபெய்ட் திட்டங்கள் சிலவற்றில் டேட்டா தீர்ந்த பிறகும் வாட்ஸ்அப் மட்டும் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். இதுவரை திறக்காத ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது வந்தால்தான் இணையம் இருக்கிறது என்று பொருள்.

ஹோட்டல், பேரங்காடி, மருத்துவமனை வைஃபைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வைஃபை கோடுகள் நிறைந்து நிற்கும், ஆனால் அவர்களுடைய நுழைவுப் பக்கத்தில் சம்மதம் சொல்லும்வரை ஒரு எழுத்துகூட வெளியே போகாது. பிரவுசரைத் திறந்தால் அந்தப் பக்கம் வரும். அதற்குப் பொறுமை இல்லை என்றால் வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் சொந்த டேட்டாவில் முயலுங்கள். நான் எப்போதும் முதலில் செய்வது இதுதான். டேட்டாவில் போய், வைஃபையில் போகவில்லை என்றால் கோளாறு கைப்பேசியில் இல்லை, வைஃபையில் இருக்கிறது.

இணையம் சரி என்றால் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டேட்டா சேவர், பேட்டரி சேவர் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். இவை ஆப்புகளைப் பின்னணியில் இயங்க விடாமல் கட்டிப்போடும். பிறகு ஜிமெயில் அமைப்புகளில் உங்கள் கணக்கைத் தொட்டு, 'சிங்க் ஜிமெயில்' என்ற வரியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டிக் இல்லாவிட்டால் கடிதங்கள் வரிசையில் நின்றபடியே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. ஆப்பைச் சரிசெய்யும்போது 'கிளியர் கேஷ்' அழுத்தலாம், பாதகம் இல்லை. அதன் பக்கத்திலேயே 'கிளியர் ஸ்டோரேஜ்' அல்லது 'கிளியர் டேட்டா' இருக்கும். அதை அழுத்தினால் அவுட்பாக்ஸில் நிற்கும் கடிதம் தொலைந்துபோகும். முதலிலேயே நகலெடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இனி இடம். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அது மின்னஞ்சலுக்கு மட்டும் இல்லை, டிரைவ், ஃபோட்டோஸ் எல்லாம் சேர்த்து. பேரப்பிள்ளைகளின் வீடியோக்களைத் தானாகச் சேமிக்க விட்டவர்களுக்கு இந்த இடம் ஓசைப்படாமல் நிரம்பிவிடும். நிரம்பினால் கடிதம் வருவதும் நிற்கும், போவதும் நிற்கும். கடிதங்களை மட்டும் அழித்துக்கொண்டிருந்தால் விடியாது, வீடியோக்களையும் குறைக்க வேண்டும். கடிதங்களில் பெரியவற்றை மட்டும் தேட ஒரு வழி உண்டு. ஜிமெயில் தேடல் பெட்டியில் லார்ஜர் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 10எம் என்று ஆங்கில எழுத்தில் சேருங்கள். 10 எம்பிக்கு மேலான கடிதங்கள் மட்டும் வரும். வேண்டாதவற்றை அழித்தபின் குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் 30 நாள் வரை அவை அங்கேயே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்த அக்காவின் ஏழு படங்கள்

படங்களின் அளவைக் கூட்டினேன். 22 எம்பி. ஜிமெயில் கணக்கின் வரம்பு 25 எம்பி. "அப்போ உள்ளேதானே இருக்கு, ஏன் போகல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மின்னஞ்சல் எழுத்துகளைச் சுமப்பதற்காகப் பிறந்த முறை. படத்தையோ பிடிஎஃப்பையோ அப்படியே ஏற்றிச் செல்ல அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு இணைப்பையும் எழுத்துகளாக மாற்றித்தான் ஏற்றும். அப்படி மாற்றும்போது ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாகிறது. அதாவது, அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. 22 எம்பி வழியில் 29 எம்பியைத் தாண்டிவிட்டது. அவர் பயன்படுத்தியது கைப்பேசியோடு வந்த மெயில் ஆப். அது வாய் திறந்து எதுவும் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

எனவே 25 எம்பி வரம்பு என்றால் உங்கள் கோப்புகள் 18 எம்பிக்குள் இருக்கட்டும். அலுவலகங்களுக்கு அனுப்பும்போது இன்னும் குறையுங்கள். 10 எம்பிக்கு மேல் வாங்காத அலுவலக சர்வர்கள் நிறைய இருக்கின்றன.

சான்றிதழ்களை வாங்கி, 150 டிபிஐ அளவில், கறுப்பு வெள்ளையில் ஒரே பிடிஎஃப்பாக ஸ்கேன் செய்தேன். ஏழு பக்கமும் சேர்ந்து 2 எம்பிகூட வரவில்லை. அவுட்பாக்ஸில் நின்ற ஐந்தையும் அழித்தபின் ஒரே ஒரு புதிய கடிதம் அனுப்பினோம். நான்கு இருபதுக்குப் போய்விட்டது. ஸ்கேனர் இல்லாதவர்கள் கூகுள் டிரைவ் ஆப்பில் உள்ள ஸ்கேன் வசதியையோ ஐபோனின் நோட்ஸ் ஆப்பையோ பயன்படுத்தலாம். சாதாரணமாகக் கேமராவில் எடுத்த படத்தைவிட அது எழுத்தைத் தெளிவாகவும் கோப்பைச் சிறிதாகவும் தரும்.

பெரிய கோப்பை அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியை அனுப்புங்கள். அப்போது 'எனிஒன் வித் த லிங்க்' என்று அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி கொடுக்காவிட்டால் வாங்குபவர் கதவுக்கு வெளியே நிற்பார். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு போன்றவற்றுக்கு அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள். வாங்குபவரின் முகவரியை மட்டும் சேர்த்துப் பகிருங்கள்.

ஒரு சில கோப்புகள் அளவு சிறிதாக இருந்தாலும் போகாது. முடிவில் ஈஎக்ஸ்ஈ, பேட், ஜேஎஸ் என்று இருக்கும் கோப்புகளை ஜிமெயில் ஏற்காது. ஜிப் கோப்புக்குள் ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடும்.

கணினியில் அவுட்லுக்

கடைகளிலும் கணக்கர் அலுவலகங்களிலும் பழைய அவுட்லுக் இன்னும் ஓடுகிறது. அதில் கடிதம் நின்றால் கீழ்ப்பட்டையில் 'வொர்க்கிங் ஆஃப்லைன்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'சென்ட்/ரிசீவ்' தாவலில் 'வொர்க் ஆஃப்லைன்' பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சரியாகிவிடும். இதைத் தெரியாமல் கைபட்டு அழுத்திவிட்டு இரண்டு நாள் பில் அனுப்பாமல் இருந்த ஒரு துணிக்கடையை எனக்குத் தெரியும்.

இன்னொன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பழைய அவுட்லுக்கின் அவுட்பாக்ஸில், போகக் காத்திருக்கும் கடிதத்தின் எழுத்து சாய்ந்திருக்கும். "போச்சா?" என்று அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினால் எழுத்து நேராகிவிடும். அதன் பிறகு அது வரிசையில் இல்லை, தானாகப் போகாது. மறுபடி திறந்து அனுப்பு பொத்தானை அழுத்த வேண்டும். ஆகவே சாய்ந்த எழுத்தாக இருக்கும்வரை தொடாதீர்கள்.

பெரிய இணைப்போடு மாட்டிக்கொண்டால் வொர்க் ஆஃப்லைன் அழுத்தி, அவுட்லுக்கை மூடித் திறந்து, கடிதத்தை டிராஃப்ட்ஸுக்கு இழுத்துப் போட்டு, இணைப்பை எடுத்துவிட்டு, மீண்டும் ஆன்லைன் வாருங்கள்.

சர்வர் வாசலில் தடுத்தால்

கடிதங்கள் வருகின்றன, ஆனால் போகவில்லை. இதைக் கேட்டாலே எனக்குப் பாதி புரிந்துவிடும். வாங்குவதற்கு ஒரு சர்வர், அனுப்புவதற்கு வேறொரு சர்வர். அனுப்பும் சர்வர் பின்பற்றும் விதிமுறைக்குப் பெயர் எஸ்எம்டிபி. கடவுச்சொல்லை மாற்றும்போது வாங்கும் பக்கத்தில் மட்டும் புதிதைப் போட்டு, அனுப்பும் பக்கத்தில் பழையதையே விட்டிருப்பார்கள். ஐபோன் மெயிலிலும், தண்டர்பேர்டிலும், அவுட்லுக்கிலும் அனுப்பும் சர்வரின் அமைப்பு தனிப் பக்கமாக இருக்கும். அங்கே போய் மூன்றைச் சரிபாருங்கள்.

பயனர் பெயர் முழு மின்னஞ்சல் முகவரியாக இருக்க வேண்டும். அட் குறிக்கு முன் உள்ள பகுதி மட்டும் போதாது. 'மை அவுட்கோயிங் சர்வர் ரிக்வயர்ஸ் ஆதென்டிகேஷன்' என்ற வரியில் டிக் இருக்க வேண்டும். போர்ட் எண், அதாவது சர்வரின் எந்த வாசல் வழியே நுழைவது என்று சொல்லும் எண், 587 அல்லது 465 ஆக இருக்க வேண்டும். 587 என்றால் பாதுகாப்பு வகை ஸ்டார்ட்டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். இரண்டையும் மாற்றிப் போட்டால் நிமிடக்கணக்கில் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்று சொல்லும். பழைய அமைப்புகளில் 25 என்று இருக்கும். ஸ்பேம் அனுப்புபவர்கள் அந்தப் போர்ட்டைத்தான் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதால் வீட்டு இணையங்கள் பலவற்றில் அதை அடைத்துவிட்டார்கள். 25 என்று கண்டால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் '535' என்ற எண்ணோடு மறுத்தால், உங்கள் ஆப் பழைய முறையில் உள்ளே நுழையப் பார்க்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்து நுழையும் வழியை ஜிமெயில் 2022 மே 30 முதல் மூடிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் தனிநபர் அவுட்லுக் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 அன்று மூடப்பட்டது. கணக்கை நீக்கிவிட்டு, கூகுளின் சொந்த நுழைவுப் பக்கம் வரும்படி மறுபடி சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படிச் சேர்க்கத் தெரியாத பழைய மென்பொருள், ஸ்கேன் செய்து நேரே மின்னஞ்சலில் அனுப்பும் நகல் இயந்திரம் ஆகியவற்றுக்கு ஆப் பாஸ்வர்ட் வேண்டும். கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை முதலில் இயக்கி, பிறகு 16 எழுத்து ஆப் பாஸ்வர்ட் ஒன்றை உருவாக்கி, வழக்கமான கடவுச்சொல்லுக்குப் பதில் அதைப் போடுங்கள்.

யாரும் சந்தேகப்படாத ஒரு குற்றவாளி கடிகாரம். ஒரு கணக்கர் அலுவலகத்தில் பழைய மேசைக் கணினி ஒவ்வொரு காலையும் பத்துப் பதினைந்து வருடம் பின்னே போய் நின்றது. சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று கணினி பார்க்கும். தேதி தவறு என்றால் சான்றிதழையே நம்பாது, தொடர்பைத் துண்டித்துவிடும். கணினிக்குள் பொத்தான் அளவில் சிஆர்2032 என்ற சின்ன பேட்டரி ஒன்று இருக்கும், 3 வோல்ட். அதை மாற்றியதும் தேதி நின்றது, கடிதங்களும் போயின. உங்கள் கணினியின் தேதி, நேரம், கோலாலம்பூர் நேர மண்டலம் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திரும்பி வந்த கடிதத்தைப் படிப்பது

இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறேன். திரும்பி வந்த கடிதம் ஆங்கிலத்தில் நீளமாக, பயமுறுத்தும் விதமாக இருக்கும். முழுதும் படிக்க வேண்டாம். அதற்குள் ஒரு மூன்று இலக்க எண்ணும், அதை ஒட்டிப் புள்ளி வைத்த மூன்று எண்களும் இருக்கும். உதாரணமாக 550 5.1.1.

மூன்று இலக்க எண்ணை 1982-இல் எஸ்எம்டிபி விதிகளை எழுதிய ஜான் போஸ்டல் காலத்திலிருந்தே பயன்படுத்துகிறார்கள். முதல் இலக்கத்தை மட்டும் பாருங்கள். 4 என்றால் தற்காலிகம். சர்வர் தானே மறுபடி முயலும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கலாம். ஜிமெயில் இன்னும் எத்தனை மணி நேரம் முயலும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடும். முன்பின் தெரியாத இடத்திலிருந்து கடிதம் வந்தால், முதல் தடவை வேண்டுமென்றே "பிறகு வா" என்று சொல்லும் சர்வர்களும் உண்டு. 5 என்றால் நிரந்தர மறுப்பு. எதையாவது மாற்றாமல் நூறு முறை அனுப்பினாலும் நூறு முறையும் திரும்பி வரும்.

புள்ளி வைத்த எண்ணில் நடுவில் இருப்பதுதான் கோளாறின் இடம். 1 என்றால் முகவரி. 2 என்றால் வாங்குபவரின் பெட்டி. பெரும்பாலும் நிரம்பியிருக்கும், அவருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். 4 என்றால் வழி, அதாவது சர்வர்களுக்கு இடையிலான தொடர்பு. 7 என்றால் பாதுகாப்பு, அனுமதி. மற்ற எண்கள் நம் கண்ணில் படுவது குறைவு.

5.1.1 வந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று பொருள். எழுத்து எழுத்தாகப் பாருங்கள். காம் என்பதில் கடைசி எம்முக்குப் பதில் என் விழுந்திருக்கும், பக்கத்துப் பொத்தான். நம் ஊரில் அடிக்கடி நடப்பது, ஜிமெயில் காம் என்பதற்குப் பின்னால் பழக்கத்தில் புள்ளி எம்ஒய் சேர்த்துவிடுவது. யாஹூவில் காம் முடிவும் உண்டு, காம் எம்ஒய் முடிவும் உண்டு. இரண்டும் வேறு வேறு பெட்டிகள், கேட்டுத்தான் எழுத வேண்டும். நம்மவர்கள் அடையாள அட்டையில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று இருப்பதால் முகவரியிலும் அந்த எழுத்துகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கையால் எழுதிய படிவத்தில் அந்த எல் எழுத்து ஒன்று என்ற எண்ணாகத் தெரியும், ஓ பூஜ்யமாகத் தெரியும். படிவத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் எழுத்தர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். முகவரியை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லி ஒட்டுவது நல்லது. ஒட்டும்போது முடிவில் இடைவெளியோ முற்றுப்புள்ளியோ ஒட்டிக்கொண்டு வராமல் பாருங்கள்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் கவலை இல்லை. ஜிமெயில் காம் முகவரிகளில் பெயருக்கு நடுவே உள்ள புள்ளியும் கணக்கில் வராது. மற்ற சேவைகளில் வரும்.

தவறான முகவரி ஒருமுறை மனப்பாடமாகிவிட்டால் முதல் எழுத்தை அடித்ததும் கைப்பேசி அதையே முன்னால் நீட்டும். கூகுள் தொடர்புகளில் 'அதர் கான்டாக்ட்ஸ்' பகுதிக்குப் போய் அதை அழியுங்கள். அவுட்லுக்கில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் போதும்.

பள்ளிக் கணக்குகள் பற்றி ஒரு வார்த்தை. கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அதை நிர்வாகி வகுத்த விதிக்குள்தான் பயன்படுத்த முடியும். வெளியாருக்கு அனுப்பியது 5.7 என்ற மறுப்போடு திரும்பினால் உங்கள் கைப்பேசியில் தேடாதீர்கள், பள்ளியின் நிர்வாகியைக் கேளுங்கள்.

சொந்த டொமைன் வைத்த கடைக்காரர்களுக்கு

கடைப் பெயரில் காம் எம்ஒய் முகவரி வாங்கி வைத்திருப்பவர்களுக்கு 2024 பிப்ரவரிக்குப் பிறகு ஒரு புதுத் தலைவலி. அந்த மாதம் முதல் ஜிமெயிலும் யாஹூவும், அனுப்புபவர் தன்னை நிரூபிக்காவிட்டால் கடிதத்தை வாங்குவதில்லை என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 550 5.7.26 என்று திரும்பினால் விஷயம் இதுதான்.

நிரூபிக்கும் வழிகள் இரண்டு. எஸ்பிஎஃப் என்பது "எங்கள் பெயரில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே உரிமை" என்று டொமைன் பதிவில் எழுதி வைக்கும் வரி. டிகேஐஎம் என்பது ஒவ்வொரு கடிதத்திலும் வைக்கும் மின் முத்திரை. மின்னஞ்சலை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றியவர்கள் பழைய எஸ்பிஎஃப் வரியை அப்படியே விட்டிருப்பார்கள், அல்லது புதிய வரியைப் பழையதன் பக்கத்தில் சேர்த்திருப்பார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது.

உங்களுக்கு இதையெல்லாம் திருத்தத் தெரிய வேண்டியதில்லை, சோதிக்கத் தெரிந்தால் போதும். கடை முகவரியிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு சிறு பட்டியலில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், அந்த இரண்டையும் வைத்து முடிவு சொல்லும் டிமார்க் என்று இருக்கும், எதிரே பாஸ் அல்லது ஃபெயில். அந்தத் திரையைப் படமெடுத்து, டொமைன் விற்றவருக்கு அனுப்பி, "ஃபெயில் ஆவதைச் சரி செய்யுங்கள்" என்று கேளுங்கள். அவருக்குப் புரியும். மாற்றியது எல்லா இடத்துக்கும் பரவ ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் ஆகலாம்.

கடையின் எல்லா முகவரியும் ஒரே நாளில் நின்றுபோனால் முதலில் டொமைன் சந்தாவைப் பாருங்கள். கட்டணம் கட்டத் தவறினால் இணையப் பக்கமும் மின்னஞ்சலும் சேர்ந்தே நிற்கும்.

ஒரே நேரத்தில் பலருக்கு

பட்டர்வொர்த்தில் ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்ட அழைப்பை 640 உறுப்பினர்களுக்கு அனுப்பும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஒரே மூச்சில் அனுப்பப் போனேன், பாதியில் வரம்பு முடிந்தது என்று நின்றது. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர்தான். நிறுவனங்களுக்கான கூகுள் வொர்க்ஸ்பேஸில் 2,000. வரம்பைத் தாண்டினால் 24 மணி நேரம் வரை எதுவுமே அனுப்ப முடியாது, அந்த நாளில் வேறு அவசரக் கடிதம் இருந்தாலும் முடியாது. முந்நூறு முந்நூறாக மூன்று நாளில் பிரித்து அனுப்பினால் நிம்மதி. முகவரிகளை பிசிசி வரியில் போடுங்கள். டூ வரியில் போட்டால் எல்லோருடைய முகவரியும் எல்லோர் கைக்கும் போய்விடும், அது உறுப்பினர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பழைய பட்டியலில் இறந்த முகவரிகள் நிறைய இருந்தால் திரும்பி வரும் கடிதங்கள் குவியும். சர்வர்கள் அதைப் பார்த்து உங்களை ஸ்பேம் அனுப்புபவர் என்று எடைபோடும். 5.1.1 என்று திரும்பியவற்றைப் பட்டியலிலிருந்து அன்றே நீக்குங்கள்.

சென்ட் பெட்டியில் இருக்கிறது, அவருக்கு வரவில்லை

அவரை ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் முகவரியைத் தேடல் பெட்டியில் போட்டுத் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் 'நாட் ஸ்பேம்' அழுத்தச் சொல்லுங்கள், அடுத்த முறை நேரே வரும். அதிலும் இல்லை என்றால் இணைப்பில்லாமல் இரண்டு வரி மட்டும் எழுதி அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்தால் இணைப்பில் கோளாறு. தலைப்பைக் காலியாக விட்டு, உடலில் ஒரு இணைய முகவரியை மட்டும் ஒட்டி அனுப்பும் கடிதங்கள் ஸ்பேமுக்குப் போவதில் வியப்பில்லை. தலைப்பு எழுதுங்கள், நீங்கள் யார் என்று ஒரு வரி எழுதுங்கள்.

போலித் திரும்பல்

இதைக் கவனமாகப் படியுங்கள். "உங்கள் மூன்று கடிதங்கள் போகாமல் நிற்கின்றன, விடுவிக்க இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு கடிதம் வரும். அழுத்தினால் மின்னஞ்சல் நுழைவுப் பக்கம் போலவே ஒன்று திறந்து கடவுச்சொல் கேட்கும். அது திருட்டு. உண்மையான திரும்பல் கடிதம் எங்கேயும் போய்க் கடவுச்சொல் போடச் சொல்லாது. அதில் எண் இருக்கும், நீங்கள் எழுதிய முகவரி இருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பாத கடிதங்கள் திரும்பி வந்தால் இரண்டில் ஒன்று. யாரோ உங்கள் முகவரியை உறைமேல் பொய்யாக எழுதி அனுப்புகிறார்கள், அல்லது உங்கள் கணக்குக்குள்ளேயே புகுந்திருக்கிறார்கள். சென்ட் பெட்டியில் உங்களுக்குத் தெரியாத கடிதம் இருந்தால் இரண்டாவது. உடனே கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். பிறகு அமைப்புகளில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். திருடர்கள் உங்கள் கடிதங்களைத் தங்களுக்குத் திருப்பிவிடும் விதி ஒன்றை அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். இதில் வங்கிப் பணம் போயிருந்தால் வங்கியையும் 997 என்ற எண்ணையும் அப்போதே அழையுங்கள். அது மோசடிப் புகாருக்கான தேசிய எண்.

யாரிடமாவது உதவி கேட்டுப் போகும்போது

"எரர் வந்துச்சு, மூடிட்டேன்" என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. திரையில் வந்த வாசகத்தை மூடும் முன் படமெடுங்கள். திரும்பி வந்த கடிதத்தை அழிக்காமல் கொண்டு வாருங்கள். எந்த ஆப், எந்த நேரம், வைஃபையா டேட்டாவா, பிரவுசரில் நுழைந்து அனுப்பினால் போகிறதா என்று சொல்லுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை "போகிறது" என்றால் உங்கள் கணக்கில் கோளாறில்லை, ஆப்பில்தான். அவசரக் கடிதத்தை அப்படியே பிரவுசரிலேயே அனுப்பிவிட்டு, ஆப்பைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். கடவுச்சொல்லை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்காதீர்கள். நீங்களே அடியுங்கள், நான் திரும்பிக்கொள்கிறேன்.